கல்யாணக் கணக்கு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கம்பம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது முன்னோர் வாக்கு. பண்ணிய பின் கணக்குப் பார்த்தவர் எத்தனை பேரோ! சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பா மகளின் திருமணம் முடிந்ததும், செலவு நோட்டைக் கூட்டும் வேலை எனக்கு வந்தது. அதில் கற்றதைத் தோழியருக்குச் சொல்லுகிறேன்.

சிக்கனம் என்றதும் எல்லாரும் சாப்பாட்டு இலையில்தான் கை வைக்கிறார்கள். "பாயசம் ஒரு வகை போதுமா, இரண்டு வேண்டுமா" என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். நோட்டில் பார்த்தால் பாயசம் மிகச் சிறிய தொகை. வந்தவர் கண்ணில் படாத இரண்டு இடங்களில்தான் பணம் கரைந்திருந்தது.

முதலாவது சேதாரம். பத்துப் பவுன் என்பது 80 கிராம். சேதாரம் நூற்றுக்கு 12 என்றால் 9.6 கிராமுக்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். ஒரு பவுனுக்கும் மேல்! அந்தத் தங்கம் கழுத்துக்கும் வராது, விற்கும்போது எடைக்கும் வராது. நுண்ணிய வேலைப்பாடுள்ள நகைக்குச் சேதாரம் கூடுதல். சாதாரணச் சங்கிலிக்கும் வளையலுக்கும் குறைவு. 12 என்பது 6 ஆனாலே 4.8 கிராம் மிச்சம். கடைக்குக் கடை இது மாறுவதால் பேசிக் குறைக்கலாம். கல்லின் எடையைக் கழித்தார்களா, 916 ஹால்மார்க் முத்திரை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நல்ல காரியத்தில் பேரம் பேசக் கூடாதாம்!

இரண்டாவது வட்டி. நகைக்காகப் பெரியப்பா மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. மூன்று ஆண்டு கட்டினால் 1,08,000 ஆகும். அசல் அப்படியே நிற்கும். வராத தங்கமாகிய சேதாரத்துக்கும் சேர்த்து வட்டி! "மொய் வந்ததும் அடைத்துவிடலாம்" என்றார். நம் பக்கத்தில் மொய் நோட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. எழுதியவர் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூட்டியே திருப்பிச் செய்ய வேண்டும். ஆகவே மொய்யும் கடன்தான்.

முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுவது சீலையம்பட்டி பூச்சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் கேட்பதோ மிகக் குறைவு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அந்தத் திருமணம் செல்லும். வரதட்சிணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எங்கள் நோட்டில் அது 'சீர்' என்ற பெயரில் இருந்தது; நானும் கூட்டினேன்.

ஏழைப் பெண்களின் திருமணத்துக்கென 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நிதியுதவித் திட்டத்தை, தமிழக அரசு 2022இல் புதுமைப்பெண் திட்டமாக மாற்றியது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் பெறும்படி செய்தார்கள். தாலிக்கென இருந்த பணம் படிப்புக்குப் போனது.

இதைப் படித்த பிறகுதான் அப்பாவிடம் பேசத் துணிந்தேன். என் கல்யாணத்துக்கென்று அவர் ஒரு சீட்டுக் கட்டி வருகிறார். "அதை எடுத்ததும் முதலில் கல்லூரிக்குக் கட்டலாமா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சீட்டு முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.