வென்டிலேட்டரிலிருந்து சொந்த மூச்சுக்கு: குடும்பத்தார் அறிய வேண்டியவை



நம் குடும்பத்தில் ஒருவருக்கு நுரையீரல் நோய் முற்றி, வென்டிலேட்டர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஐ.சி.யூ. வாசலில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "மெஷின்ல போட்டாச்சுன்னா அவ்வளவுதான், இனி திரும்ப மாட்டாங்க" என்பது ஒன்று. நான்கைந்து நாள் கழிந்ததும், "இன்னுமா எடுக்கலை? பில்லுக்காகத்தான் வச்சிருக்காங்க" என்பது மற்றொன்று. இரண்டும் பயத்தில் பிறக்கும் பேச்சு. இரண்டாலும் நோயாளிக்கு நன்மை இல்லை. வென்டிலேட்டரிலிருந்து ஒருவரை எப்படி விடுவிக்கிறார்கள், அதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறார்கள், நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நுரையீரலுக்கு என்ன நேர்கிறது?

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான மெல்லிய காற்றுப் பைகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அவற்றின் சுவர் வழியாகத்தான் இரத்தத்தில் சேருகிறது. கடுமையான நிமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுவது, கோவிட் போன்ற காரணங்களால் அந்தச் சுவர்கள் புண்பட்டு நீர் கசியும். காற்று இருக்க வேண்டிய பைகளில் நீர் நிற்கும். அப்போது முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தாலும் அது இரத்தத்துக்குப் போய்ச் சேராது. இந்த நிலையைத்தான் டாக்டர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். 1967-இல் 12 நோயாளிகளைப் பற்றி வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றில்தான் இது தனி நோய்நிலையாக விவரிக்கப்பட்டது.

நோயின் கடுமையை அளக்க ஓர் எண் உண்டு. இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் அழுத்தத்தை, கொடுக்கப்படும் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு பங்கு என்பதால் வகுத்து அதைக் கணக்கிடுகிறார்கள். நல்ல நுரையீரலில் அது 400-க்கு மேல் இருக்கும். 2012-இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி, 300 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் ஏ.ஆர்.டி.எஸ்.; 100 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான நிலை. "நேற்று அந்த எண் எவ்வளவு, இன்று எவ்வளவு?" என்று நாம் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

வென்டிலேட்டர் மருந்து அல்ல

வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. மருந்தும் உடலின் சொந்தச் சக்தியும் வேலை செய்யும் வரை நோயாளிக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அதுவும் பக்குவமாக வாங்கித் தர வேண்டும். புண்பட்ட நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி அடைத்தால் புண் பெரிதாகும். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இதை நிரூபித்தது. வழக்கமான பெரிய அளவு மூச்சு கொடுக்கப்பட்டவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதில் பாதி அளவு, அதாவது கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் என்ற கணக்கில் சிறு மூச்சாகக் கொடுக்கப்பட்டவர்களில் 31 சதவீதம் பேர் இறந்தார்கள். இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆள் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை அல்லவா?

நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதைப் பார்த்துச் சிலர் பதறிப்போகிறார்கள். அதுவும் சிகிச்சைதான். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது.

ஏன் சீக்கிரம் எடுக்க வேண்டும்? ஏன் அவசரப்படக் கூடாது?

நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைதான் மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு செய்கிறது. அந்த வேலை முழுவதையும் மெஷின் செய்தால் தசை மெலிந்துவிடும். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் மெஷினே மூச்சு விட்டதில் அத்தசையின் நார்கள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்தன. இதோடு, தொண்டையில் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. மயக்க மருந்து நீண்டால் மனக்குழப்பமும் சேரும்.

அதற்காக நுரையீரல் தேறும் முன் குழாயை எடுத்துவிட்டால், நோயாளி மூச்சுக்குப் போராடித் தளர்ந்து, மறுபடியும் குழாய் போட வேண்டிவரும். அது முதல் தடவையைவிட ஆபத்தானது. ஆகவே தாமதமும் தீங்கு, அவசரமும் தீங்கு. சரியான நாள் எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பதை ஆங்கிலத்தில் 'வீனிங்' என்பார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிப்பதற்கும் அதே சொல்தான். அதனால், மெஷினின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே சரியான வழி என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஸ்பெயினில் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. மெஷினைப் பழகிய 546 நோயாளிகளுக்கு, அதன் உதவி இல்லாமல் தாமாக மூச்சுவிட ஒரு சோதனை வைத்துப் பார்த்தார்கள். 416 பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள்! தேறாத 130 பேரில், மெஷின் கொடுக்கும் மூச்சின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கப்பட்டவர்களைவிட, நாளுக்கு ஒரு முறை சோதனை வைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் விடுபட்டார்கள். ஒரே நாளில் பல தடவை சோதித்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இதில் நமக்குக் கிடைக்கும் பாடம்: தயாராகிவிட்டாரா என்பதைப் பார்வையால் மட்டும் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதனைக்கு முன் டாக்டர்கள் பார்ப்பவை இவை: நோய்க்குக் காரணமான தொற்று அடங்கத் தொடங்கியதா? ஆக்ஸிஜன் தேவை 40, 50 சதவீதத்துக்குள் வந்துவிட்டதா? காற்றுப் பைகள் மூடாமல் தாங்கிப்பிடிக்கும் அழுத்தத்தைக் குறைக்க முடிந்ததா? இரத்த அழுத்தம் பெரிய மருந்துகள் இல்லாமல் நிற்கிறதா? அழைத்தால் விழிக்கிறாரா? கடைசிக் கேள்விக்காகத்தான் காலையில் மயக்க மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 336 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், தினமும் மயக்கத்தை நிறுத்தி எழுப்புவதையும் மூச்சுச் சோதனையையும் சேர்த்துச் செய்தபோது, ஓராண்டுக் கணக்கில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஓர் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டது. ஆகவே, விழித்தவர் சற்று நெளிவதைக் கண்டு, "பாவம், மறுபடி தூங்க வச்சிருங்க" என்று நாம் கெஞ்சக் கூடாது. வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்போம். அதற்குத் தனி மருந்து உண்டு.

சோதனை அரை மணி முதல் இரண்டு மணி நேரம் நடக்கும். குழாய் தொண்டையிலேயே இருக்கும். மெஷினின் உதவி மட்டும் நிறுத்தப்படும் அல்லது மிகச் சிறிதாக்கப்படும். மூச்சு நிமிடத்துக்கு 35-க்கு மேல் ஓடினாலோ, ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நாடித்துடிப்பு எகிறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ சோதனையை நிறுத்திவிட்டு மெஷினின் உதவியைத் திரும்பக் கொடுப்பார்கள்.

தேறாவிட்டால் தோல்வியா?

இல்லை. அன்றைக்கு நுரையீரலும் தசையும் தயாராகவில்லை என்ற தகவல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். காரணத்தைத் தேடுவார்கள்: உடலில் நீர் மிகுந்துவிட்டதா, இதயம் தளர்ந்திருக்கிறதா, சளி அடைக்கிறதா, தாது உப்புகள் குறைந்தனவா என்று. சரிசெய்துவிட்டு மறுநாள் மறுபடியும் சோதிப்பார்கள். முதல் சோதனைக்குப் பின் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் அதை நீண்ட விடுவிப்பு என்பார்கள். அப்போது கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி பற்றிப் பேச்சு வரலாம். 'கழுத்தை அறுக்கிறார்கள்' என்று கலங்கிப் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. அந்தக் குழாயால் வாய் விடுபடும், மயக்க மருந்து குறையும், சளி எடுப்பது எளிதாகும். நன்றாகத் தேறிய பிறகு குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குத் துளை தானாக மூடிக்கொள்ளும்.

சோதனையில் தேறினால் இருமல் வலுவாக இருக்கிறதா, தொண்டையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக் குழாயை எடுப்பார்கள். அதன் பின்னும் மூக்கு வழியாக வேகமான ஆக்ஸிஜனோ, முகமூடி வழியாகக் காற்றழுத்தமோ கொடுக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு மறுபடி குழாய் தேவைப்படும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கவனமாக இருக்க வேண்டியது அதனால்தான்.

ஒரு சொல்லில் தெளிவு வேண்டும்

'வென்டிலேட்டரை எடுப்பது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தேறியவரைச் சொந்த மூச்சுக்குக் கொண்டுவருவது ஒன்று. இனி சிகிச்சை பலன் தராது என்ற நிலையில் கருவியை விலக்குவது வேறொன்று. டாக்டர் ஒன்றைச் சொல்ல, நாம் மற்றொன்றைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. "எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?" என்று வெட்கப்படாமல் கேட்போம்.

நம் பங்கு

துஆவோடு சேர்த்து நாம் செய்யக் கூடியவை சில உண்டு. டாக்டரிடம் பேச வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக வைப்போம். பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டால் பதிலும் பத்தாகத்தான் வந்து சேரும். அவர் தினமும் மூன்று கேள்வி கேட்டால் போதும்: இன்று மூச்சுச் சோதனை வைத்தீர்களா? வைக்கவில்லையென்றால் எது தடுக்கிறது? அதற்கு என்ன செய்கிறீர்கள்?

நோயாளிக்கு இதய நோய், ஆஸ்துமா, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்வோம். அவருடைய மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்போம். உள்ளே போக அனுமதி கிடைத்தால் கையைக் கழுவிவிட்டுப் போய், பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறார், ஏன் பேச முடியவில்லை என்று மெல்லச் சொல்வோம். அருகில் நின்று அழுவதை அவர் கேட்கக்கூடும். கூட்டமாகப் போவதைத் தவிர்ப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயணம் முடிவதில்லை. கனடாவில் ஏ.ஆர்.டி.எஸ்.ஸிலிருந்து பிழைத்த 109 பேரைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வரும்போது அவர்கள் தம் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஓராண்டு கழித்தும் நடக்கும் தூரம் குறைவாகவே இருந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். ஆகவே, "நுரையீரல்தான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன சோம்பல்?" என்று யாரும் கேட்க வேண்டாம். புரதமுள்ள உணவு, பிசியோதெரபி, இரவில் பயந்து விழித்தால் அருகில் ஓர் ஆள், இவை மருந்துக்குச் சமம். உட்கார்ந்து தொழவும் நோன்பைப் பிறகு நோற்கவும் நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை அவர் மனக்குறையின்றி ஏற்க வீட்டார் துணை நிற்க வேண்டும்.

ஐ.சி.யூ. வாசலில் அடுத்த முறை நாம் நிற்க நேர்ந்தால், "திரும்ப மாட்டாங்க" என்பவரிடமும் "ஏன் எடுக்கலை" என்பவரிடமும் இதையே சொல்வோம்: இன்று சோதனை வைத்தார்களா என்று முதலில் கேட்டு வருவோம்.