பாஸ்புக் எத்தனை வேணும்?

பங்குனி மாதம். பிசான நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, சொசைட்டிப் பயிர்க் கடனைக் கட்டத் தயாராக இருந்தேன். தவணை முடிய எட்டு நாள் பாக்கி. நெல்லுக்கான துட்டு கணக்கில் ஏறிவிட்டதாகப் போனில் செய்தியும் வந்தது. சீவலப்பேரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

“அண்ணாச்சி, துட்டு ஏறிட்டு. ஆனா எடுக்க முடியாதே. ரெண்டு வருசத்துக்கு மேல இந்தக் கணக்கை நீங்க தொடவே இல்லியே. ஆதாரும் போட்டோவும் கொடுத்துப் புதுப்பிக்கணும்” என்றார் கவுண்டரில் இருந்த தம்பி.

புதுப்பித்து முடியப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் தவணை தேதி தாண்டிவிட்டது. வட்டியில்லாமல் வாங்கிய கடன் வட்டிக் கடனாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். கொள்முதல் நிலையத்தில் கையில் கிடைத்த பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாப் பாஸ்புக்கையும் வெளியே எடுத்தேன். ஆறு இருந்தது. ஒன்று கேஸ் மானியத்துக்கு, ஒன்று நூறு நாள் வேலைக்கு, ஒன்று மகன் படிப்புக்கு, ஒன்று ஊரில் முகாம் போட்டார்கள் என்பதற்காக. யார் யாரோ சொன்னதற்காகத் திறந்தவை. என் விவசாயத்துக்கு எது வேண்டும் என்று யோசித்துத் திறந்தது ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடன் வாங்க ஒரு இடம்

பயிர்க் கடனுக்கு முதலில் பார்க்க வேண்டியது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை. நாம் ‘சொசைட்டி’ என்கிறோமே, அதுதான். கந்துவட்டியிலிருந்து உழவரை மீட்கத்தான் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் மாநிலத்தின் முதல் சங்கம் தொடங்கியது.

இன்றைய கணக்கு இதுதான். வணிக வங்கியிலோ கிராம வங்கியிலோ கிசான் கார்டு வாங்கினால் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க் கடனுக்கு 7 விழுக்காடு வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 விழுக்காடு கழிந்து 4 ஆகும். தமிழ்நாட்டில் சொசைட்டியில் வாங்கி, தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அதை மாநில அரசு ஏற்கிறது. ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு வங்கியில் 4,000 ரூபாய், சொசைட்டியில் ஒன்றுமில்லை. தேதி தவறினால் அந்தச் சலுகை போச்சு. அதனால் தவணை தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னாலேயே குறித்து வையுங்கள்.

இயற்கை உழவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சொசைட்டிப் பயிர்க் கடனில் ஒரு பங்கு ரொக்கமாகவும் ஒரு பங்கு உரமாகவும் வருவது வழக்கம். யூரியா மூட்டையை வாங்கி அடுத்த வயல்காரருக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அது நமக்கு அழகில்லை. ரொக்கப் பங்கு மட்டும் போதும் என்று மனு கொடுக்கும்போதே கேளுங்கள். கடன் தொகை குறையும்தான். ஆனால் ஜீவாமிர்தத்தையும் பசுந்தாள் உரத்தையும் நம்பி விவசாயம் செய்கிறவருக்குத் தேவையும் குறைவுதானே.

சேர்த்து வைக்க வேறு இடம்

கடன் வாங்க நல்ல இடம் என்பதாலேயே சேமிப்பு முழுவதையும் அங்கேயே போட வேண்டியதில்லை. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி முறிந்தது. இது நம்ம பாளையங்கோட்டை இல்லை, கோட்டயம் பக்கத்துப் பாலா. போட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, 1962-இல் வைப்புக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் காப்பு 1,500 ரூபாய்தான். 1993-இல் ஒரு லட்சம் ஆகி, 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சமாக இருக்கிறது. ஒரு வங்கியில் உங்கள் பெயரில் எத்தனை கிளையில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் 5 லட்சம்தான்.

அரசு வங்கி, தனியார் வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி எல்லாம் இந்தக் காப்பீட்டுக்குள் வரும். ஊர்ச் சொசைட்டி வராது. நாம் அதையும் ‘பேங்க்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தின் கண்ணில் அது வங்கி இல்லை. நம்ம சொசைட்டி நல்லாத்தான் நடக்கும். ஆனாலும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த துட்டைக் காப்பீடு உள்ள இடத்திலோ, தபால் ஆபீசிலோ வைப்பதே சரி. தபால் ஆபீஸ் சேமிப்புக்கு அரசே பொறுப்பு. 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும்.

அரசுத் துட்டுக்கு ஒரே கணக்கு

பி.எம். கிசானில் ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் வருகிறது. ஆதார் வழியாக வரும் துட்டு, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார்ப் பணம் பெறச் சம்மதம் கொடுத்தீர்களோ அதில்தான் விழும். முகாமில் புதுக் கணக்கு திறந்து, அந்தப் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் துட்டு அங்கே போய்விடும். நாம் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு “கிசான் துட்டு நின்னுட்டு” என்று புலம்புவோம். எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

இதற்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு போதும். ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

மீதியை மூடுங்க

இரண்டு ஆண்டுக்கு மேல் நாமாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால், கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். வங்கி தானே போடுகிற வட்டி இதில் சேராது. மறுபடி உயிர் கொடுக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் பிடிக்கக் கூடாது. ஆனால் நாளுக்கு யார் ஈடு கொடுப்பார்? எனக்கு நட்டம் வந்ததே அந்தப் பதினோரு நாளில்தான்.

ஆறில் மூன்றை மூடிவிட்டேன். இப்போது இருப்பது சொசைட்டிக் கடனுக்காக மத்திய கூட்டுறவு வங்கியில் ஒன்று, நெல் துட்டும் கிசான் துட்டும் வர ஒன்று, தபால் ஆபீசில் சேமிப்பு ஒன்று. மூன்றிலும் வீட்டுக்காரியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். எது எதற்கு என்று அவளுக்கும் தெரியும்.

இந்த மாதம் நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள பாஸ்புக்கை எல்லாம் திண்ணையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பென்சிலால் அதன் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றாத பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு மறுநாளே போய் மூடிவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் அதில் ஆதார்த் துட்டு ஏதும் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.