செயலிழந்த கையும் மீண்டும் கற்கும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஊர்களை ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் கொண்டே அறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வூர்கள் மோட்டார் வாகனத் தொழிலாலும் மின்னணுத் தொழிலாலும் அறியப்படுகின்றன. நம் மக்களுக்கு வேலை கிடைத்தது. வெளி மாநிலத் தொழிலாளரும் வந்து நம்மிடையே குடியேறினர். அதே வேளையில், இரவு பகலாக லாரிகள் ஓடும் சாலைகளில் இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலையில் அடிபடுதலும், உயரத்திலிருந்து விழுந்த தொழிலாளர் முதுகுத்தண்டு முறிதலும் நேரிடுகின்றன. குடும்பத்தைத் தாங்கி நிற்பவரைப் பக்கவாதம் வீழ்த்துவதும் உண்டு.

இத்தகையோரின் உயிரைக் காக்க இன்று வழிகள் உள. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்றது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பது அதன் நோக்கம். ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பியவரின் கையும் காலும் அசையாதிருக்குமாயின், "இனி அவ்வளவுதான்" என்று கட்டிலில் கிடத்திவிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உள்ளது. அவ்வழக்கம் தவறென்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூளையில் நிகழ்வது யாது?

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. கைக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம், முகத்திற்கு ஓரிடம் என்று மூளையின் மேற்பரப்பில் வெவ்வேறு பகுதிகள் உள்ளன. இரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், தலையில் பலத்த அடி பட்டாலும், அவ்விடத்து நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் உயிர்பெறா. கை நலமாகவே இருக்கிறது. அதற்குக் கட்டளை வரும் வழிதான் அறுந்துவிட்டது.

வளர்ந்த மனிதரின் மூளை மாறாது என்றே நெடுங்காலம் மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். அது சரியன்று என்பது இப்போது தெளிவாகியுள்ளது. மடிந்த இடத்தைச் சுற்றியுள்ள நல்ல அணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்கவல்லன. இத்திறனை மூளையின் நெகிழ்திறன் என்பர். ஆனால் பயிற்சியின்றி இது முழுப் பயன் தராது.

கிராமத்தார் நன்கறிந்த ஓர் உதாரணம் கூறலாம். யாரும் நடவாத வண்டிப்பாட்டையை அண்டை நிலத்துக்காரர் சிறிது சிறிதாக வரப்பைத் தள்ளி உழுதுகொள்வார். சில ஆண்டுகளில் பாட்டை இருந்த சுவடே மறையும். நாள்தோறும் ஆள் நடக்கும் ஒற்றையடிப்பாதையோ அகன்றுகொண்டே போகும். மூளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. பயன்படுத்தாத கையின் இடம் பறிபோகிறது. பயன்படுத்தும் கையின் இடம் நிலைக்கிறது.

அமெரிக்க அறிஞர் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை மெய்ப்பித்தது. மூளையில் கைக்குரிய பகுதியில் சிறிது சேதமுற்ற குரங்குகளை, நம் பல்லாங்குழி போன்ற சிறு குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்கப் பழக்கினர். பழகிய குரங்குகளின் மூளையில் கைக்குரிய எஞ்சிய இடம் காக்கப்பட்டது. சிலவற்றில் விரிவும் அடைந்தது. பழக்கப்படாதவற்றிலோ சேதமுறாத இடமும் குறைந்துபோனது.

வேலூர் தந்த பாடம்

இவ்வுண்மைக்கு நம் மாநிலத்திலேயே முன்னோடிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் மடங்கிய கைகளுக்கு 1948 முதல் அறுவை சிகிச்சை செய்தார். நலமான தசையின் நாணை எடுத்து வேறு விரல் வேலைக்குப் பொருத்தும் முறை அது. பொருத்தியவுடன் கை பழையபடி இயங்கிவிடுவதில்லை. அத்தசைக்குப் புதிய வேலையைப் பயிற்சியால் கற்பிக்க வேண்டியிருந்தது. கற்றது தசை மட்டுமன்று, மூளையுமேயாம்.

அங்கேயே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் கால்கள் திரும்பவில்லை. எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானார். முதுகுத்தண்டு நரம்பு முழுவதும் அறுந்தவருக்கு நடையைத் திருப்பித் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் நம்பலாகாது. ஆயினும் அவரும் தம் காரியத்தைத் தாமே செய்யவும் தொழில் புரியவும் கற்கலாம்.

காலமும் அளவும்

பக்கவாதத்தின் அடையாளம் கண்டவுடன், அதாவது வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து ஏற்றவருக்குப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். அதன்பின், இயக்கம் மிகுதியாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. எனினும் மெதுவாகவே நிகழும்.

ஆர்வம் மிகுந்து முதல் நாளே நோயாளியை நடக்கவிடுதலும் தகாது. 24 மணி நேரத்திற்குள் மிகுதியாக நடமாடச் செய்வது பயனைக் குறைக்கிறது என்று 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. குடும்பத்தாருக்குச் சிறிது பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே வீட்டில் பயிற்சி தரும் முறையை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் ஆராய்ந்து, முடிவை 2017இல் வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையினும் மேலான பயன் அதில் காணப்படவில்லை. குடும்பத்தின் அன்பு அவசியமே. ஆனால் பயின்றவரின் வழிகாட்டுதலும் போதிய அளவு பயிற்சியும் இன்றி அது மட்டும் போதாது என்றே இதனை நாம் கொள்ளவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. இயன்முறை மருத்துவர் காட்டியபடியே பயிற்சி செய்க. ஒரு நாளில் பத்து முறை செய்து நிறுத்துவது போதாது. இளைப்பாறி இளைப்பாறிப் பல நூறு முறை செய்தல் நன்று.

2. பயிற்சி ஒரு காரியமாக இருத்தல் வேண்டும். பல்லாங்குழியில் புளியங்கொட்டை இடுதல், நிலக்கடலை உரித்தல், தம்ளரை எடுத்து வைத்தல், பொத்தான் போடுதல் ஆகியன ஏற்றவை.

3. விரல் சிறிதேனும் அசைபவர், மருத்துவர் சொன்னால், நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையால் வேலை செய்து பழகலாம்.

4. இரு கைகளுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நலிந்த கையை மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தவாறே இரு கைகளையும் அசைக்க முயல்வது ஒரு முறை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தோரின் வலிக்காக இதனை வகுத்தார். பின்னர் பக்கவாதத்திற்கும் பயன்பட்டது.

5. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது, தோள்மூட்டு விலகிவிடும். உணர்ச்சியற்ற தோலில் சூட்டு ஒத்தடம் புண்ணாக்கும். எண்ணெய் தேய்ப்பது பயிற்சிக்கு ஈடாகாது.

ஊராட்சியின் கடமை

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகிறார். ஒரு வட்டாரம் முழுவதும் சுற்றவேண்டிய அவருக்கு, எந்த வீட்டில் எவர் கிடக்கிறார் என்பதை முதல் வாரத்திலேயே அறிவிக்க வேண்டியவர்கள் நாமே. மகளிர் சுய உதவிக் குழுவினர் இச்செய்தியைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் தெரிவிக்கலாம். அவர் வராத நாள்களில் பயிற்சி நடக்கின்றதா என்று பார்த்துவர அண்டை வீட்டார் ஒருவரை ஏற்படுத்தலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சாய்தளமும் கைப்பிடியும் உளவா என்று கவனிக்கலாம்.

தொழிலாளர் ஈட்டுறுதியில் பதிவானவர், வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்திற்கும், அது வேலையோடு தொடர்புடையதென நிறுவப்படின், பயன் பெறலாம். இதனை ஒப்பந்தத் தொழிலாளர் பலர் அறியார். வாடகை அறையில் தங்கியுள்ள வெளி மாநிலத்தவர், சிகிச்சைத் தாள்களும் பயிற்சிக் குறிப்புமின்றி ரயிலேறிவிட்டால், விலைமதிப்பற்ற அம்மூன்று மாதங்கள் வீணாகும். அவர் மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு விளக்குவது ஊராரின் பொறுப்பு.

சாலை பழுதுற்றால் ஊராட்சி கூடித் தீர்மானம் இயற்றுகிறது. ஓர் உழைப்பாளியின் மூளையில் பாதை அறுந்தபோதும் ஊர் அவ்வாறே முனையுமாயின், கட்டிலில் கிடப்பவருள் பலர் தம் கையாலேயே சோறு உண்ணும் நாள் வரும்.