முதலில் ஷெட், பிறகு வீடு

ஞாயிறு மாலைகளில் எங்கள் ஹைதராபாத் அடுக்ககத்து நடைபாதையில் என்னை நிறுத்திப் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் முன்பெல்லாம் ஸ்கூல் அட்மிஷனைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது, “சார், சங்கர்பள்ளி பக்கம் அரை ஏக்கர் பார்த்திருக்கோம்” என்று ஆரம்பிக்கிறார்கள். ஒருவருக்கு ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துவந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். இன்னொருவருக்குத் தச்சுப் பட்டறை, அவர் மனைவிக்கு மண்பாண்டச் சூளை. கச்சிபௌலி ஃப்ளாட்டின் பால்கனியில் சூளை வைக்க முடியாதுதான். பதினொரு வருஷத்துக்கு முன் முப்பது குண்டா வாங்கிப் படாத பாடு பட்டவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. முதலில் குண்டா பழகுங்கள். 40 குண்டா ஒரு ஏக்கர். ஒரு குண்டா 121 சதுர கஜம், நம் கணக்கில் இரண்டரை சென்ட். என் முப்பது குண்டா என்பது 75 சென்ட். இங்கே சென்ட் என்று பேச்செடுத்தால் தரகர் உங்களை ஆந்திரக்காரர் என்று நினைத்துக்கொள்வார்.

2. நிலப் பாஸ்புக்கில் பெயர் இருப்பதோடு திருப்தி அடையாதீர்கள். 2020 அக்டோபரில் தரணி என்ற நிலப்பதிவுப் போர்ட்டல் வந்தது, 2025 ஏப்ரலில் அதன் இடத்துக்குப் பூபாரதி வந்தது. திரையில் தெரிவதும் தரையில் இருப்பதும் எந்தப் போர்ட்டலிலும் தானாக ஒத்துப்போவதில்லை. வில்லங்கம் பார்த்து, சர்வேயரை அழைத்து, நாலு பக்கத்து நிலக்காரர்களும் நிற்கும்போது அளந்து கல் நடுங்கள். ஏழைகளுக்கு அரசு கொடுத்த அசைண்டு நிலமா என்று கட்டாயம் கேளுங்கள். அதை விற்கவும் வாங்கவும் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. விலை சரிபாதியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

3. இங்கே இரண்டு ‘நாலா’ உண்டு. வேளாண் நிலத்தை வீட்டு உபயோகத்துக்கு மாற்றி வாங்குவது நாலா கன்வர்ஷன். மழைநீர் ஓடும் கால்வாயும் நாலாதான். முதலாவது கையில் இருக்க வேண்டும், இரண்டாவது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஏரியின் முழுக்கொள்ளளவு எல்லைக்குள்ளோ அதை ஒட்டிய தடைப் பகுதியிலோ கட்டியவர்கள் 2024இல் ஆக்கிரமிப்புகளை இடிக்கும் ஹைட்ரா அமைப்பு வந்தபிறகு பட்ட பாட்டை நீங்களே பார்த்தீர்கள். மொயினாபாத், சங்கர்பள்ளி பக்கம் 111ஆம் எண் அரசாணை வேறு இருக்கிறது. 1908இல் மூசி நதி நகரத்தை அடித்துக்கொண்டு போன பிறகு எழுந்தவை உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும். அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க 84 கிராமங்களில் கட்டடத்தைக் கட்டுப்படுத்தி 1996இல் போட்ட ஆணை அது. அதை எடுத்துவிட்டார்கள் என்று தரகர் அடித்துச் சொல்வார். 2023 மே மாதம் அமைச்சரவை அப்படி முடிவெடுத்தது உண்மைதான். ஆனால் அமைச்சரவை முடிவைக் காட்டி அஸ்திவாரம் தோண்ட முடியாது. உங்கள் சர்வே எண்ணைப் போட்டு அனுமதிக் கடிதம் வரட்டும்.

4. தண்ணீரை ஏப்ரல், மே மாதங்களில் பாருங்கள். அக்டோபரில் எல்லா போர்வெல்லிலும்தான் தண்ணீர் வரும். இது கருங்கல் பூமி. மேலே மக்கிய பாறை, கீழே விரிசல்கள். விரிசல் கிடைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. என் முதல் போர் எழுநூறு அடி போய்ப் புழுதியைக் கக்கியது. தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி இடம் குறித்தவருக்குத் தட்சணை கொடுத்த கதையை என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். இரண்டாவதற்குப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்துவிட்டு, நிலத்தடி நீர் படித்த ஒருவரைக் கருவியோடு அழைத்துவந்தேன். கூடவே கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் எழுபதாயிரம் லிட்டருக்கு மேல். அதை ஓடவிட்டுவிட்டு லாரித் தண்ணீர் வாங்கினவன் நான்.

5. வீட்டுக்கு முன்னால் ஷெட் போடுங்கள். இதை மட்டும் கேட்டால் போதும், மற்றதை மறந்தாலும் பாதகமில்லை. பன்னிரண்டுக்கு இருபது அடி, தகரக் கூரை, ஒரு கக்கூஸ், ஒரு அடுப்பு, இரண்டு கயிற்றுக்கட்டில். ஒரு வருஷம் முழுக்க வார இறுதிகளை அதில் கழியுங்கள். நான் வீட்டுப் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிலத்துக்குள் போனேன். நல்லவேளை, பணம் புரளாததால் ஷெட்டோடு நின்றது. ஜூலை மழையில், படுக்கையறை என்று சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேற்குத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பதாகக் கனவு. மே மாதத்து வெயிலும் ஜூன் மாதத்துச் சாரலும் அதே மேற்கிலிருந்துதான் அடித்தன. பிளானைத் திருப்பிப் போட்டோம். மேற்கே குளியலறையும் சாமான் அறையும், கிழக்கே திண்ணை. மே மாதத்திலும் இரவு இங்கே சென்னை மாதிரிப் புழுங்காது, வெளியே கட்டில் போட்டுத் தூங்கலாம் என்பதும் அந்த வருஷத்தில் தெரிந்ததுதான்.

ஷெட் மேஸ்திரிக்கும் பரீட்சை. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது, கால்வாசி செங்கல்லை மிச்சப்படுத்தும், சுவரும் சூடேறாது. “தெலுசு சார்” என்றார் எங்கள் மேஸ்திரி. ஷெட் சுவரில் நாலடி எழுப்பியதும் அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. நாலடியைப் பிரித்துக் கட்டும் செலவு வலிக்கவில்லை. வீட்டில் என்றால் அழுதிருப்பேன். வீடு முடிந்த பிறகு அந்த ஷெட்தான் பட்டறை, ஆக ஒரு செங்கல்லும் வீணில்லை.

6. மரம் நடுவது ஜூன் கடைசியில். ஊர் நினைப்பில் ஐப்பசி மழைக்குக் காத்திருந்து நான் நட்ட நாற்பது கன்றில் ஒன்பது பிழைத்தன. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை.

7. தரைக்கு டைல்ஸ் தேடி அலையாதீர்கள். நம் ஊரில் கடப்பா கல் மாதிரி இங்கே தாண்டூர் கல். வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, பட்டறையில் சுத்தியல் விழுந்தாலும் கவலையில்லை. வேலிக்குக் கடீலு என்னும் கருங்கல் தூண்களை நட்டுக் கம்பி இழுங்கள்.

8. விவசாய பம்புசெட்டுக்கு 2018 ஜனவரியிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இலவச மின்சாரம். அதில் வெல்டிங் மெஷினை மாட்டும் ஆசை வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். வீட்டுக்கும் பட்டறைக்கும் தனி மீட்டர் வாங்குங்கள். ரம்பம், வெல்டிங், மின்சூளை எல்லாம் வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸுக்கு ஆரம்பத்திலேயே எழுதிக்கொடுங்கள்.

9. குரங்கு. கம்பிவலை போடாத சமையலறை ஜன்னல் உங்களுடையதல்ல.

10. ஜஹீராபாத் பக்கம் பிதகன்னெயில் நரசன்னா கொப்புலாவின் அரண்யா பண்ணையை ஒருமுறை பார்த்துவாருங்கள். வறண்ட மண்ணில் வரப்பு எடுத்து, மரம் வைத்து, மழையை நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். போகும்போது செவெள்ளா வழியாகப் போனால் சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும் ஆலமரங்களையும் பார்க்கலாம். சாலையை அகலப்படுத்தும் வேலையால் அவற்றுக்கு ஆபத்து, சீக்கிரம் போங்கள்.

11. பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரரை முதல் நாளே “அன்னா” என்று கூப்பிட்டுத் தெலுங்கில் நாலு வார்த்தை பேசுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் சனிக்கிழமை வருகிறவர், அவர் தினமும் நிற்கிறவர். எங்கள் மோட்டாரைத் திருட வந்தவனை விரட்டியது அப்படிப்பட்ட ஒரு அன்னாதான். பதுகம்மா பண்டிகைக்கு என் மனைவி அந்த வீட்டுப் பெண்களோடு பூ அடுக்கப் போய்விடுவாள்.

12. பொழுதுபோக்குகளை ஒன்று ஒன்றாகத் தொடங்குங்கள். நான் ஒரே வருஷத்தில் தேனீப் பெட்டி, கோழி, கடைசல் மெஷின் மூன்றும் வைத்தேன். தேனீ பறந்துவிட்டது, கோழியைக் கீரி தின்றது. கடைசல் மெஷின் மட்டும் நிற்கிறது. போன மாதம்தான் அதில் பேத்திக்கு ஒரு பம்பரம் கடைந்தேன். கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது. பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் வாருங்கள், பிறகு ரிங் ரோடு ஏற முடியாது.