தரையும் கூரையும்

“தொம்!” ஏழாம் மாடியில், கதிரவனின் கையிலிருந்து பளு நழுவித் தரையில் விழுந்தது. சற்று நேரத்தில், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். “தம்பி, பேரன் இப்போதுதான் தூங்கினான்,” என்றார் தணிந்த குரலில். கதிரவன் தலைகுனிந்தான். தன் வீட்டுத் தரைதான் பாட்டி வீட்டின் கூரை என்பதை அவன் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அவன் விரித்திருந்தது நுரை விரிப்பு. உடலை நீட்டி மடக்கும் பயிற்சிகளுக்கு அது ஏற்றது. பளு தூக்கும்போதோ அது அமுங்கிவிடும். கால் உறுதியாக ஊன்றாது. விழும் பளுவின் தாக்கத்தையும் அது தாங்காது. அடர்த்தியான ரப்பர் விரிப்பே பளு தூக்குவதற்குத் தகுந்தது. சிறிய கைப்பளுவுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலும் போதும். கம்பியில் எடைத்தட்டுகளைப் பொருத்தித் தூக்குவோர் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத விரிப்பை நாடுவது நல்லது. ஆடவருக்கான போட்டிக் கம்பி மட்டுமே 20 கிலோகிராம் எடை கொண்டது அல்லவா?

ஆயினும், தடித்த ரப்பரும் ஓசையைக் குறைக்குமே தவிர, முற்றாக நீக்காது. அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டை எட்டிவிடும்.

ஆகவே, கதிரவன் புதிய விரிப்பை வாங்கியதோடு நின்றுவிடவில்லை. பாட்டியிடம் சென்று, பேரன் தூங்கும் நேரத்தைக் கேட்டறிந்தான். தன் பயிற்சி நேரத்தை மாற்றிக்கொண்டான். பளுவைத் தொப்பென்று போடாமல், மெல்ல இறக்கி வைக்கவும் பழகினான். பளுவைத் தூக்குவதற்கு மட்டுமன்று, ஓசையின்றி இறக்கி வைப்பதற்கும் வலிமை வேண்டும் என்பதை அவன் அப்போது உணர்ந்தான்.