முதல் மழைக்கு முன் அடிக்கட்டையைப் புரட்டுங்கள்

ஆவணி முடிகிறது. புரட்டாதி மழை எந்த நேரமும் இறங்கலாம். சுன்னாகம், கந்தரோடைப் பக்கத்து வயல்களிலோ தை, மாசியில் அரிவு வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். வரம்புப் புல்லைச் செருக்குங்கள். வாய்க்காலைத் துப்புரவாக்குங்கள். எருவை இழுத்துப் போடுங்கள். விதைநெல்லில் 100 மணியை ஈரச் சாக்கில் சுற்றி முளைப்பைப் பாருங்கள். 85க்குக் குறைந்தால் வேறு விதை தேடுங்கள்.

இனி, இந்த அறிவித்தலுக்குக் காரணமான மஞ்சள் தண்டுதுளைப்பானுக்கு வருவோம். போன மாரியில் பதராய் நின்ற வெள்ளைக் கதிரைக் கொண்டுவந்து, "நோய் விழுந்திட்டுது ஐயா" என்றவர்கள் பலர். அது நோயல்ல, புழு. அடிக்கட்டையில் நீங்கள் விட்டுவைத்த புழு.

ஒரு கட்டையை வேரோடு பிடுங்கி, அடிக்கணுவை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மண்ணுக்குள் நிற்கும் பகுதியில், மெல்லிய வெள்ளை நூற்கூட்டுக்குள் வெளிர்மஞ்சள் புழு கிடக்கும். ஈர்க்கால் தொட்டால் சோம்பலாக அசையும். செத்தது என்று எண்ணவேண்டாம். அது கோடையைக் கடத்துகிறது.

அந்த உறக்கத்தில் உடம்பின் கணக்கே மாறிவிடும். கூட்டுப்புழுவாகத் தூண்டும் எக்டைசோன் சுரப்பு அடங்கும். ஜப்பானில் இதன் உறவான நெல் தண்டுதுளைப்பானை ஆராய்ந்தவர்கள், இளம்பருவ ஹோர்மோன் குறையாமல் நின்று புழுவைப் புழுவாகவே வைத்திருப்பதைக் கண்டார்கள். அந்தப் புழு பனியில் உறையாதிருக்க உடம்பிலுள்ள கிளைக்கோஜனைக் கிளிசரோலாக மாற்றிக்கொள்ளும். நம் ஊரில் பனியா பெய்கிறது? இங்கே நம் புழுவுக்கு உள்ள கவலை உடல்நீர் வற்றுவதுதான். ஆகவே தின்பதை நிறுத்தி, மூச்சைக் குறைத்து, முன்பே சேர்த்த கொழுப்பில் சிக்கனமாகக் காலந்தள்ளும்.

தின்னாத புழுவுக்கு மருந்தடிப்பது காசுக்குக் கேடு. கொளுத்துவதும் வீண்: நெருப்பு மேல்தாளோடு போய்விடும், புழு மண்ணுக்குள் இருக்கும்.

ஈரம் பட்டதும் நிலைமை மாறும். அடங்கிய சுரப்பு திரும்பும். புழு கூட்டுப்புழுவாகி, ஏழு முதல் பத்து நாளில் அந்துப்பூச்சியாகப் பறக்கும். புழுதியில் விதைத்த நெல்லை முளைக்க வைக்கும் அதே மழைதான் அதையும் எழுப்புகிறது. ஜாவாவில் இதன் இனமான வெள்ளைத் தண்டுதுளைப்பான் மழை தொடங்கியதும் கூட்டமாகக் கிளம்பி, 1990ஐ ஒட்டிப் பெரும் அழிவு செய்தது.

ஆகவே மழைக்கு முன் உழுங்கள். திரும்பவும் சொல்கிறோம்: மழைக்கு முன். கட்டை வேரோடு பெயர்ந்து வெயிலில் காயவேண்டும். "மழை விழட்டும், ஒருக்கா உழுதால் காணும்" என்று வரம்பில் நின்று கதைப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம். மாடு மேய்ந்துவிட்டது என்பதும் சாட்டுத்தான். மாடு கட்டையை வேரோடு கிண்டுவதில்லை. மழை முந்திவிட்டால், மூன்று நாலு நாளுக்குள்ளாவது ஆழ உழுது கட்டையைப் புதையுங்கள். அதற்குப் பிந்தினால் பூச்சி பறந்துவிடும்.

ஒருவர் மட்டும் உழுது பயனில்லை. குத்தகைக்குச் செய்து கைவிட்ட துண்டுகள் எல்லா வெளியிலும் உண்டு. காணிக்காரர் கனடாவில், கட்டை இங்கே. கமக்கார அமைப்பில் பேசி, அவற்றையும் சேர்த்து உழுவியுங்கள்.

பயிர் முளைத்த பின் இலைநுனியைப் பாருங்கள். மங்கிய கபில மயிர் மூடிய முட்டைக்குவியல் தெரிந்தால் இலையோடு கிள்ளி எடுங்கள். நடுக்குருத்து காய்ந்து, இழுத்ததும் கையோடு வந்தால் புழு உள்ளே போய்விட்டது. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். கொழுத்த பயிரைப் புழுவும் விரும்பும்.

உழவு இயந்திரக்காரருக்கு இன்னும் சொல்லாதவர்கள் இன்றே சொல்லிவையுங்கள். மழை விழுந்த மறுநாள் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள்.