கிணற்று நீருக்குக் காபன் பில்டர் போதுமா?

கேள்வி: எங்கள் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தல் முழுக்க வெள்ளையாகப் படிகிறது. சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள், கிருமிநாசினி அடிக்கிறார்கள். காபன் பில்டர் பூட்டினால் "எல்லாம் போகும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், கலேவெல

பதில்: கேத்தலில் படியும் வெள்ளை போகாது. கிருமிநாசினி போகுமா என்பது அடிக்கப்படும் மருந்தைப் பொறுத்தது.

காபன் பில்டருக்குள் இருப்பது அடுப்புக் கரி அல்ல. சிரட்டைக் கரியை 800 முதல் 1,000 பாகை செல்சியசில் நீராவியில் வாட்டினால் அதில் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். அத்துளைச் சுவர்களை விரித்தால் ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 40 பேர்ச் காணியளவு பரப்பு தேறும். நீரில் கரைந்த சேதனப் பொருள்கள் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன.

நீரில் அதிகம் கரையாத பொருள்களே கரியில் நன்றாகப் பிடிபடும். அட்ரசின் என்ற களைநாசினி அந்த வகை. கிளைபோசேட் நீரில் நன்கு கரைவதால் லேசில் அகப்படாது. கல்சியம், மக்னீசியம், நைத்திரேற்று, புளோரைட்டு ஆகியவை கரியைத் தாண்டி வந்துவிடும். கேத்தலில் வெள்ளையாகப் படிவது முதல் இரண்டின் உப்புகள்; நீரின் வன்மை என்பதும் இவற்றால்தான்.

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, உலர் வலயக் கிணறுகளில் வன்மையும் புளோரைட்டும்தான் பெரும் பிரச்சினை. எஸ்.எல்.எஸ். 614 தரநிலைப்படி குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டோ, 250 மில்லிகிராமுக்கு மேல் மொத்த வன்மையோ இருக்கக்கூடாது. காய்ச்சினாலும் புளோரைட்டு குறையாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் பரவிய பகுதிகளில் வில்கமுவவும் ஒன்று. இத்தகைய இடங்களில் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையங்கள் அமைக்கப்படுவது கரைந்த உப்புகளை நீக்கத்தான். அவற்றிலும் கரிக்கு ஒரு வேலை உண்டு: ஆர்.ஓ. சவ்வைக் கெடுக்கும் குளோரினையும் சேதனப் பொருள்களையும் முன்கூட்டியே பிடித்துவிடுவது.

ஆகவே பில்டருக்குக் காசு கொடுக்கும் முன், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் புளோரைட்டு, வன்மை, நைத்திரேற்று மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரி தீர்ந்துவிட்டதை எப்படி அறிவது?
– வாசகி, நாவுல

பதில்: பார்த்து அறிய முடியாது. துளைகள் நிறைந்த பின்பும் நீர் தெளிவாகவே வரும். கரியின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில், நிலக்கரி கழுவும் இரசாயனம் எல்க் ஆற்றில் கசிந்தது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கரி வடிகட்டிகளால் அதைத் தாங்க முடியவில்லை. சுமார் 3 இலட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கவோ குளிக்கவோ வேண்டாமென அறிவிக்கப்பட்டனர்.

வீட்டுப் பில்டரின் உறையில் எத்தனை லீற்றர் அல்லது எத்தனை மாதம் என்று அச்சிட்டிருக்கும். எது முதலில் முடிகிறதோ அப்போது கரியை மாற்ற வேண்டும். பழைய கரியில் பக்ரீரியா பெருகும். கிணற்று நீரானால் வடித்த பின் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.